அட்வான்ஸ் பணம்

செப்டம்பர் 23, 2025

கம்பெனி செட்டில்மென்ட் வங்கியில் விழுந்துவிட்டது. அதைத் தொடுவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். ஓசூரில் ஒரு வேலை வரும்போலத் தெரிகிறது. நவம்பர் முதல் வாரத்தில்தான் சொல்வார்களாம். வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டுக்கு மாதம் 15,000 இனிக் கட்டுப்படியாகாது. இன்று காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம். வீட்டுக்காரர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸ் தருவார். 90,000-இல் 75,000 வரும்.

ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் சொன்னார்: "எங்கம்மாவுக்குக் காசி பாக்கணும். பசங்க தமிழ்நாட்டைத் தாண்டினதே இல்ல. சாமானை உங்க அண்ணன் வீட்டுல போட்டுட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமா?" வேலை போன பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் பேச்சு இது. அதனால்தான் நான் உடனே மறுக்கவில்லை.

செப்டம்பர் 26

தூக்கம் வராததால் கணக்குப் போட்டேன். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை மொத்தம் 5,846 கிலோமீட்டர். ஊருக்குள் அலைவதையும் சேர்த்தால் 6,300. எங்கள் பழைய வேகன் ஆர், ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு ஏசியும் ஓடினால், லிட்டருக்கு 15 தரும். அப்படியானால் 420 லிட்டர். ஊருக்கு ஊர் விலை மாறினாலும் சராசரியாக 102 ரூபாய் என்று வைத்தால் 43,000.

டோல்தான் பயமாக இருந்தது. ஆகஸ்ட் 15 முதல் பாஸ்டேக்கில் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. 3,000 ரூபாய்க்கு ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு சாவடிக்கு 15 ரூபாய்தான் ஆகிறது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும்; மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே, யமுனா எக்ஸ்பிரஸ்வே போன்ற மாநிலச் சாலைகளில் தனியாகக் கட்ட வேண்டும். டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு மதுரா வழியாகப் பழைய சாலையிலேயே போய்விடலாம்.

அறைக்கு 900, சாப்பாட்டுக்கு 600. இருபத்தைந்து நாள் என்றால் 37,500. எல்லாம் சேர்த்து 83,500. அட்வான்ஸ் 75,000, கொடுக்காமல் மிஞ்சும் அக்டோபர் வாடகை 15,000. வீட்டில் இருந்திருந்தாலும் அரிசி, பால், கரண்ட், கேஸ் எல்லாம் ஆகத்தானே செய்யும்? இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அண்ணி கேட்டால், "வேலை இல்லாத நேரத்துல டூரா?" என்பார். மருந்துக்கும் அவசரத்துக்கும் 6,500 மிஞ்சுகிறது. ரொம்பக் குறைச்சல்.

அக்டோபர் 4

காலை நாலரைக்குக் கிளம்பினோம். முதல் ஷிப்டுக்கு எழுந்து பழகியவர். அலாரம் வைக்கத் தேவைப்படவில்லை.

அக்டோபர் 5, சித்ரதுர்கா

குன்று முழுக்கக் காற்றாலைகள். பெரியவன் எண்ண ஆரம்பித்து, முடியாமல் விட்டுவிட்டான்.

லாட்ஜ் பதிவேட்டில் முகவரி எழுதும் இடத்தில் இவர் கை நின்றுவிட்டது. ஆதாரில் இருக்கிற பழைய வீட்டு முகவரியையே எழுதினார். சின்னவள் எட்டிப் பார்த்து, "அங்க இப்ப நாம இல்லையேப்பா" என்றாள். பதில் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

அறையில் ரைஸ் குக்கரில் சாதம் வைத்தேன். அத்தை கிண்டிக் கொண்டுவந்த புளிக்காய்ச்சலும் சுட்ட அப்பளமும். இன்றைய சாப்பாட்டுச் செலவு 210.

அக்டோபர் 9, வாபி

பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே வைக்கிறது என்று பேப்பரில் படித்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. மும்பையில் லிட்டர் 103-க்கு மேல். குஜராத்துக்குள் வந்ததும் 95-க்கும் கீழே. முள் அடிக்கு வந்தும் இவர் நிறுத்தாமல் எல்லையைத் தாண்டித்தான் டேங்கை நிரப்பினார். 32 லிட்டரில் 270 ரூபாய் மிச்சம். ராஜஸ்தானில் மறுபடி நூறுக்கு மேல் போகும் என்பதால் ஷாம்லாஜியில் கடைசியாக ஒரு முறை நிரப்பிக்கொள்ள வேண்டும். பெரியவன் மாநிலவாரியாக விலை எழுதிய தாளை டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறான்.

அக்டோபர் 13, புஷ்கர்

யாரும் யாரோடும் பேசவில்லை. ஒட்டகச் சவாரிக்கு 400 கேட்டார்கள்.

அக்டோபர் 16, ஆக்ரா

தாஜ்மகால் பார்த்துவிட்டு வரும்போது இருட்டிவிட்டது. விசாரித்த அறைகளெல்லாம் 1,500-க்கு மேல். மதுரா சாலையில் சிக்கந்திரா பக்கம் குரு கா தால் குருத்வாரா இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். கேட்டோம். ஆதார் பார்த்தார்கள், அறை கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து படுங்கள் என்று ஒரு பெரியவர் கையைக் காட்டினார்.

அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார். "கை நீட்டிச் சாப்பிடற அளவுக்கு ஆயிட்டமாடி?" என்று என்னிடம்தான் கேட்டார், மகனிடம் இல்லை. எனக்கும் தொண்டையை அடைத்தது. பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கூட்டிப் போனேன். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அவருக்கு அந்தப் பக்கம் தங்க வளையல் அடுக்கிய ஒரு அம்மாள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அந்த அம்மாளும் ஏந்தினார். பருப்பு, ரொட்டி, பாயசம். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை எங்கள் பின்னாலேயே வந்து தூணோரம் நின்று பார்த்திருக்கிறார். அங்கே சில பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை போய் உட்கார்ந்தார். பாஷை தெரியாது. நகத்தால் நுனியைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிடும் தன் முறையை அவர்களுக்குக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உரித்தார். அதற்குப் பிறகு சாப்பிட்டார். இவர் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனவர், பதினோரு மணிக்குத்தான் சட்டையெல்லாம் ஈரமாகத் திரும்பினார்.

உண்டியலில் 300 போட்டோம்.

அக்டோபர் 17

இவர் ஏழு மணி வரை தூங்கினார்.

அக்டோபர் 20, காசி

தீபாவளி. அன்னபூரணியின் தங்கத் திருமேனியை இந்தச் சில நாட்களில்தான் பார்க்க முடியும் என்பதால் தெற்கத்திக் கூட்டம் நிரம்பி வழிகிறது. சத்திரங்களில் இடமில்லை. லாட்ஜ் அறை 2,200. மூன்று இரவில் என் கணக்கு உடைந்துவிட்டது. ஆனால் விடிவதற்கு முன்னால் அத்தை கங்கையில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரப்புடவையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா போனதிலிருந்து அந்தக் கை இப்படி இறுக்கமாகப் பிடித்ததில்லை. இந்தச் செலவைப் பற்றி இனி யார் கேட்டாலும் பதில் சொல்வேன்.

அக்டோபர் 22, தன்பாத்

சின்னவளுக்குக் காய்ச்சல். டாக்டர், டெஸ்ட், மருந்து 1,850.

அக்டோபர் 26, பெர்ஹாம்பூர்

காய்ச்சல் விட்டுவிட்டது. வங்கக்கடலில் மோந்தா புயல். காக்கிநாடா பக்கம் கரையேறும் என்கிறார்கள். எங்கள் சாலை அதே கரையோரமாகத்தான் போகிறது.

அக்டோபர் 27

மழை. லாட்ஜ்காரர், கிளம்பாதீர்கள் என்கிறார். அவருக்கு வாடகை வருகிறது என்பதற்காகச் சொல்வதாகத் தெரியவில்லை. காலையில் அவர் வீட்டிலிருந்து சின்னவளுக்குக் கஞ்சி வந்தது.

அண்ணன் போன் செய்தான். நாங்கள் இருந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்களாம். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். "ஓசூர்ல தண்ணி நல்லா இருக்குமா?" என்று மட்டும் மகனிடம் கேட்டார். "நல்லா இருக்கும்மா" என்றார் இவர். ஓசூரிலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை.

கையில் இருப்பது 8,900. சென்னைக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆந்திராவில் பெட்ரோல் 108-க்கு மேல், இங்கே 102-க்குள். டேங்கை இங்கேயே நிரப்பிவிட்டால் ஊர் போய்ச் சேர மொத்தம் 7,300 போதும். மிச்சத்தில் இன்னும் ஒரு நாள் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டி வந்தால் செட்டில்மென்டில் கை வைக்க வேண்டும். வைப்போம். மழையில் இந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதாக இல்லை.