'பசிக்கவே மாட்டேங்கறதுடா!'

வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியாது. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இலைக்கு வரும் வரை தீர்த்தம்தான். பட்டினி இருந்து பழகியவர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள்: "பதினோரு மணிக்குப் பசி உயிரை வாங்கும். அதைத் தாண்டிட்டா, தானா அடங்கிடும்."

சாப்பிடாமலே பசி எப்படி அடங்கும்? பசியைக் கிளப்புவது காலி வயிறு மட்டுமல்ல. இரைப்பையில் சுரக்கும் 'கிரெலின்' என்ற ஹார்மோன்தான் மூளைக்கு 'சாப்பாட்டு நேரம் ஆச்சு' என்று தகவல் அனுப்புகிறது. 1999-ல் ஜப்பானைச் சேர்ந்த கோஜிமா, கங்காவா குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் கிரெலின் ஏறும். சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் தானே இறங்கிவிடும். பசி அலை மாதிரி வந்து போவது இதனால்தான்.

அந்த அலை வராமலே போனால்?

அம்மா மண்டபம் சாலை அருகே ஒரு ஃபிளாட்டில் தனியாக வசிக்கும் 74 வயது அம்மாளுக்கு அதுதான் நடந்தது. வருஷம் முழுக்க ஏகாதசி தவறாதவர். கணவர் போன பிறகு, தினமுமே ஏகாதசி போல ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்து "சாப்ட்டியாம்மா?" என்றால், "ஆச்சுடா" என்பார். வற்புறுத்திக் கேட்டால், "பசிக்கவே மாட்டேங்கறதுடா, கொழந்தே. வயசாச்சோல்லியோ!" ஆறு மாதத்தில் 58 கிலோ 51 ஆனது. லீவுக்கு வந்த மகன், அம்மாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்துபோய் திருச்சியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

ரத்தப் பரிசோதனைகளோடு, டாக்டர் மூன்று கேள்விகளும் கேட்டார்.

மாத்திரை எப்போது மாறியது? சர்க்கரை மாத்திரையின் அளவு சில மாதங்களுக்கு முன்புதான் கூட்டப்பட்டிருந்தது. சில சர்க்கரை மருந்துகளுக்குப் பசியைக் குறைக்கும் குணம் உண்டு. டாக்டரே அளவை மாற்றிக் கொடுத்தார்.

மலம் எத்தனை நாளைக்கு ஒருமுறை? அம்மாள் கூச்சத்தோடு, "நாலு நாள்" என்றார். உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவிகிதம் இருப்பது மூளையில் அல்ல, குடலில். உணவு வந்து குடல் சுவரை அழுத்தும்போது அது சுரந்து, குடல் நரம்புகளைத் தூண்டி, உணவை முன்னே தள்ள வைக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் நடையும் குறைந்தால் அந்த நகர்வும் மந்தமாகும். குடல் நிறைந்து கிடந்தால், வேகஸ் நரம்பு வழியாக 'இங்கே இடமில்லை' என்ற சேதிதான் மேலே போகும். பிறகு பசி எங்கிருந்து வரும்?

நாவற்பழமும் தயிர்சாதமும் சேர்ந்து நிவேதனமாகி, ரங்கநாதருக்கே வயிறு சரியில்லாமல் போனதாகவும், ராமானுஜர் அதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கஷாயத்துக்கு ஏற்பாடு செய்ததாகவும் ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை உண்டு. அந்த ஊர்க்காரர் வயிற்றைப் பற்றிப் பேச ஏன் கூச்சப்பட வேண்டும்?

மூன்றாவது கேள்வி: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? அம்மாள் பதில் சொல்லவில்லை.

தாளிக்கும் வாசனை, தட்டு ஓசை, பேச்சு... இவை மூளையை எட்டியதுமே வாயில் எச்சிலும் வயிற்றில் அமிலமும் சுரக்கத் தொடங்கும். வயதானால் மோப்பமும் ருசியும் மங்கும். 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்கள் சீக்கிரமே குரல் கொடுக்கும். அதோடு துக்கமும் தனிமையும் சேர்ந்தால், மூளை சாப்பாட்டின் மீதான ஆசையையே அணைத்துவிடும். அது பிடிவாதமோ சோம்பலோ அல்ல.

மருந்துச் சீட்டோடு டாக்டர் சொன்னவை எளிமையானவை. ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பாடு. காலை டிபன் முடிந்த அரை மணிக்குள் கழிவறை. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயற்கை. மாலையில் நடை. மதியம் துணையோடு சாப்பாடு. எதிர் ஃபிளாட் மாமியும் தனிதான். ஒருவர் ரசம் வைக்க, இன்னொருவர் கறியமுது செய்ய, இருவருக்கும் ஒரே இடத்தில் இலை விழுந்தது. மூன்று மாதத்தில் எடை 53. பெரிய அதிசயம் இல்லைதான், ஆனால் ஒருநாள் பதினோரு மணிக்கே, "இன்னிக்கு என்னமோ பசிக்கிறதே!" என்றாராம்.

முயற்சி செய்யாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால், அது வயதின் வேலை என்று விடக்கூடாது; டாக்டரைப் பார்க்க வேண்டும். பசியின்மைக்குப் பின்னால் தைராய்டு, மனச்சோர்வு, புற்றுநோய் என எதுவும் ஒளிந்திருக்கலாம். மாத்திரைகளை நாமாக நிறுத்துவதும் கூடாது.

ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவிடம் போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "பசிச்சுதா? என்ன சாப்பிட்டே? யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வெளியே வரும்.