ஐரோப்பாவில் ஒரு குடும்பம் – 2: இரவல் நூல்களும் இத்தாலியும்

கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு முதலிய லௌகிக விஷயங்களைச் சென்ற இதழில் ஒருவாறு சொல்லி முடித்தேன். ஷெங்கன் விசா ஒன்றைப் பெற்றுவிட்டால் ஐரோப்பாவில் 25-க்கும் மேற்பட்ட நாடுகளில் தடையின்றிப் புகுந்து புறப்படலாம் என்பது பிரயாணிக்குப் பெரிய சௌகரியந்தான். ஆனால் குடும்பத்தோடு புறப்படுகிறவனுக்கு அந்தச் சௌகரியமே சங்கடமாகவும் வந்து முடிகிறது. எங்கள் வீட்டில் தலை ஐந்து, கட்சியும் ஐந்து. என் மனைவிக்கு ஓவியங்கள், மகளுக்குப் பாரிஸ், மகனுக்கு எந்த ஊரானாலும் ஏறிப் பார்க்க உயரமான ஏதாவது ஒன்று, என் தாயாருக்குச் சைவ உணவு கிடைக்கும் இடம், எனக்கோ பள்ளிக்கூட நாளிலிருந்து மனத்தில் தங்கிவிட்ட ரோமாபுரி. எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் காட்டிவிடுவதாக ஆசை காட்டிய சுற்றுலாத் திட்டங்களுக்கும் குறைவில்லை. இந்த வழக்கை நூலகத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொண்டோம்.

எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கும் கன்னிமாராப் பொது நூலகம், சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கி, 1896-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அங்கேயும், எங்கள் பேட்டையிலுள்ள கிளை நூலகத்திலும் நாங்கள் முதலில் நாடியது வழிகாட்டி நூல்களைத்தான். அவற்றுள் பல யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த 2002-க்கு முன்னரே அச்சானவை. விடுதி வாடகையை லீராவிலும் பிராங்கிலும் மார்க்கிலும் சொல்லின. மகன் அந்தக் கணக்குகளைப் படித்துச் சிரித்தான். சிரிப்பு நியாயமே, வாடகை, ரயில் நேரம், அருங்காட்சியகம் மூடியிருக்கும் கிழமை ஆகியவற்றைப் பழைய நூலில் தேடுகிறவன் ஏமாந்துதான் போவான், அவற்றைப் புறப்படுகிற வாரத்தில் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதே உத்தமம். ஆனால் ஒரு மாதாகோவிலுக்கு எத்தனை படி, எந்தச் சுவரில் எவர் வரைந்த சித்திரம், எந்தக் குன்றின்மேல் நின்றால் ஆறும் ஊரும் சேர்ந்து தெரியும் என்பவை லீராவோடு செலாவணி இழந்துபோன சங்கதிகள் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவனுக்கு நாற்பது வருஷத்துப் பழைய நூலும் நல்ல துணையே.

வழிகாட்டி நூல் என்னும் ஜாதிக்கே ஒரு சரித்திரம் உண்டு. லண்டனில் ஜான் மர்ரே என்னும் பதிப்பாளர் ஐரோப்பியப் பிரயாணிகளுக்கான கைந்நூலை 1836-இல் வெளியிட்டார். ஜெர்மனியில் கோப்ளென்ஸ் நகரில் 1827-இல் புத்தகக் கடை வைத்த கார்ல் பேடெக்கர், சிவப்பு அட்டை போட்ட தம் நூல்களில், அவசியம் காணவேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கத்தைப் பிரசித்தமாக்கினார். நட்சத்திரம் இல்லாததை ஏறெடுத்தும் பாராத பிரயாணிக் கூட்டம் ஒன்றும் அதனாலேயே உண்டாயிற்று. 1908-இல் வெளிவந்த ஈ. எம். பாஸ்டரின் இத்தாலிய நாவல் ஒன்றில், கதாநாயகி பேடெக்கர் கையில் இல்லாமல் பிளாரன்ஸ் நகரத்து ஸாந்தா குரோச்சே ஆலயத்துக்குள் தனியே விடப்படுகிறாள். எது அழகு, எது அழகில்லை என்று சொல்ல எவருமின்றிச் சிறிது தவித்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லச் சந்தோஷமடைகிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. அவளிடம் புத்தகம் இல்லாதது நல்லதுதான். ஆனால் புறப்படுமுன் அதைப் படித்து ஜீரணித்திருந்தால், ஆரம்பத்தில் பட்ட தவிப்பும் இருந்திராது. கையில் இருக்கும் புத்தகம் கண்ணை மறைக்கிறது. மனத்தில் இருக்கும் புத்தகமோ கண்ணைத் திறந்துவைக்கிறது. தவணை தவறாமல் திருப்பிக் கொடுத்தாக வேண்டிய இரவல் நூலோ, மனத்தில் போய்த் தங்குவதைத் தவிர நம்மோடு வருவதற்கு வேறு வழியே அற்றது. விலைக்கு வாங்கிய நூலை 'விமானத்தில் படித்துக்கொள்ளலாம்' என்று பெட்டியில் போட்டுவிடுகிறோம், விமானத்தில் தூங்கிவிடுகிறோம்.

நூலகத்தில் ஒரே அலமாரியோடு நின்றுவிடுவது இன்னொரு அபாயம். ட்யூயியின் தசாம்ச முறைப்படி அடுக்கிய நூலகங்களில் ஐரோப்பியப் பிரயாணத்துக்கு எண் 914. அந்த எண்ணைக் கண்டவுடன் காரியம் முடிந்துவிட்டதென்று திரும்புகிறவர்களே அதிகம். ஆனால் இத்தாலியின் சரித்திரம் 945-இல் இருக்கிறது, ஓவியம் 759-இல், கட்டடக் கலை 720-இல், சமையல் 641-இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்று, அவ்வருஷமே லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே நூலகக் கலையைப் பயின்று திரும்பிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும் ஒன்று. குடும்பத்துக்கு ஒரு நூல் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவரவர் தமக்குப் பிடித்த அலமாரிக்குப் போவது; படித்ததை இராச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது; எதைப் பற்றி ஒருவர் சொல்கிறாரோ, அந்த இடத்தில் அவரே எங்களுக்கு வழிகாட்டி.

பயன் விரைவிலேயே தெரிந்தது. பாரிஸ் பாரிஸ் என்று பிடிவாதம் பிடித்த மகள், குழந்தைகள் பகுதியில் மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கதையை எடுத்தாள். அதை எழுதிய கார்லோ கொல்லோடி 1826-இல் பிளாரன்ஸில் பிறந்தவர், அந்த ஊரிலேயே அடக்கமானவர் என்று கண்டதும், அவளது கட்சி ஒரே இரவில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்கு வந்துவிட்டது. என் மனைவி ஜார்ஜோ வஸாரி என்ற ஓவியர் 1550-இல் வெளியிட்ட கலைஞர் சரிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டாள். மகன் கட்டடக்கலை அலமாரியில் ஒரு கோபுரத்தைக் கண்டுபிடித்தான். என் தாயார் ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' நூலைப் படித்து முடித்துவிட்டு, "இவர் போன ஊரிலெல்லாம் கட்டடத்தைவிட மனிதரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார், நீங்களும் அப்படிப் பார்த்தால் சரி" என்று தீர்ப்புச் சொன்னார். ரோமாபுரி, பிளாரன்ஸ், வெனிஸ் என்று மார்க்கம் முடிவாயிற்று. வேறு நாடுகளை இன்னொரு பிரயாணத்துக்கு விட்டுவைத்தோம்.

எல்லா அலமாரிகளிலும் அதிக உபகாரம் செய்தது சமையல் அலமாரி என்றால் சிலர் நகைக்கலாம். வழிகாட்டி நூல்கள் உணவு விடுதிகளின் பெயரைத்தான் சொல்கின்றன. பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது சமையல் நூலே. காய்கறி ரசம் என்று நாம் நினைத்து வாங்கும் மினஸ்த்ரோனே மாமிசம் வெந்த நீரில் தயாரானதாக இருக்கலாம் என்பதும், பார்மிஜானோ என்னும் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்தே உறைய வைக்கிறார்கள் என்பதும் அங்கேதான் எங்களுக்குத் தெரியவந்தன. பழைய ரொட்டியும் அவரை வகையும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா, தக்காளியில் ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் பாப்பா அல் பொமொதோரோ முதலிய ஏழை எளியவர்களின் பண்டங்கள் தஸ்கனிப் பிரதேசத்தில் உண்டென்று படித்ததும் தாயாருக்குத் தைரியம் வந்துவிட்டது. 'மாமிசம் வேண்டாம், மாமிசச் சாறும் வேண்டாம்' என்பதற்குரிய இத்தாலிய வாக்கியத்தை அவர் ஜபம்போல் மனனம் செய்துகொண்டார்.

பிளாரன்ஸைப் பற்றி முறைப்படி பின்னர் எழுதுவேன். ஆயினும் மேலே சொன்னதற்குச் சான்றாக ஒரு காலைப்பொழுதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். அந்நகரத்துப் பேராலயத்தை 1296-இல் கட்டத் தொடங்கினார்கள். சுவர்கள் எழுந்த பின்னும், அதன் எண்கோண மத்திய பாகத்தை எவ்வாறு மூடுவது என்று தெரியாமல் நெடுங்காலம் திறந்தே வைத்திருந்தார்கள். 1418-இல் போட்டி ஒன்று அறிவித்தார்கள். புரூனெல்லெஸ்கி என்னும் பொற்கொல்லர், கீழேயிருந்து முட்டுக்கொடுக்கும் மரச்சாரம் இல்லாமலே கவிகையை எழுப்புவதாகச் சொல்லி, 1420-இல் தொடங்கி 1436-க்குள் ஏறக்குறைய முடித்தும் காட்டினார். உள்ளே ஓர் ஓடு, வெளியே ஓர் ஓடு. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு. மொத்தம் 463 படிகள், மின்தூக்கி கிடையாது. இதை முன்பே படித்திருந்ததால், வாசலில் வந்து நின்று விவாதிக்கும் அவசியம் எங்களுக்கு இல்லை. பாட்டிக்கு அன்று வேறு நிகழ்ச்சி என்று சென்னையிலேயே முடிவாகியிருந்தது.

ஏறிப்போனவர்கள் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படிக்கட்டின் குறுகலான ஓரிடத்தில், மற்றவர்கள் மூச்சு வாங்க நின்ற நேரத்தில், என் மகன் சுவரைத் தடவி, கிடையாக அடுக்கிய செங்கற்களுக்கு இடையிடையே செங்குத்தாக நிறுத்திய செங்கற்கள் சுற்றிச் சுற்றி மேலேறுவதைத் தாய்க்குக் காட்டினான். சாந்து உலருமுன் செங்கல் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடித்த யுக்தி அதுவே. பின்னால் வந்துகொண்டிருந்த வேற்று நாட்டுத் தம்பதியும் நின்று பார்த்தார்களாம். கவிகையின் உட்புறத்தை நிறைக்கும் இறுதித் தீர்ப்புச் சித்திரத்தருகே வந்ததும், வழிகாட்டிப் பதவி என் மனைவிக்கு மாறியது. 1572-இல் அதைத் தீட்டத் தொடங்கியவர் அவள் படித்த சரிதங்களின் ஆசிரியரான வஸாரியேதான். முடிக்குமுன் அவர் காலமாக, ஜூக்காரி என்பவர் நிறைவேற்றினார். எழுத்தாளராக அறிமுகமானவரை ஓவியராகத் தலைக்குமேல் சந்தித்த ஆனந்தம் அவளுக்கு அன்று முழுவதும் அடங்கவில்லை.

அந்நேரத்தில் நானும் தாயாரும் சற்றுத் தள்ளி ஸான் மார்க்கோ மடாலயத்தில் இருந்தோம். நிக்கொலோ நிக்கொலி என்ற சேகரிப்பாளர் தம் ஏடுகளைப் பிறர் படிக்கவேண்டும் என்று விரும்பிக் கடனாளியாகவே 1437-இல் இறந்தார். கோஸிமோ மெடிச்சி அக்கடனைத் தீர்த்து, அவற்றுள் பலவற்றை இங்கே வைத்து, கற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். மிக்கெலோத்ஸோ நிர்மாணித்த அந்த மண்டபம், இரு வரிசை மெல்லிய தூண்களுக்கு நடுவே வெளிச்சம் நிறைந்து நீண்டு கிடக்கிறது. சரிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தாயார், "கடனை அடைத்துப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பொதுவில் வைத்தானே, அவன் கெட்டிக்காரன்" என்றார். அன்று மாலை மகள் எங்களை ஸான் மினியாத்தோ குன்றுக்கு அழைத்துச் சென்று, கொல்லோடியின் சமாதியைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். எங்களை அங்கே நடத்திச் சென்றது அவள் படித்த கதையே அன்றி எந்த நட்சத்திரக் குறியும் அன்று.

நூல்கள் செய்யமாட்டாத காரியங்களும் உண்டு. கோடைகாலத்துக் கல்தரையின் உஷ்ணத்தையும், வரிசையில் நிற்கும் கால்களின் நோவையும் எந்த அத்தியாயமும் குறைப்பதில்லை. அதற்கும் மேலாக, எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போகிறவன் பார்ப்பதை விட்டுச் சரிபார்க்கத் தொடங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. அதற்கு எங்கள் ஏற்பாட்டிலேயே பரிகாரம் இருந்தது. ஒருவர் படித்ததை மற்ற நால்வரும் படிக்கவில்லை. ஆகையால் எந்த இடத்திலும் ஒருவருக்கு அது பழகிய ஊர், மற்றவர்களுக்குப் புதிய ஊர். குடும்பத்தோடு போக எண்ணுகிற அன்பர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் நூலக உறுப்பினர் அட்டைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். ஒரே நூலை இருவர் எடுக்கவேண்டாம். புறப்படுமுன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அடுத்த இதழில் ரோமாபுரி. அங்கே வழிகாட்டி நான்.

(பயணம் தொடரும்)