போன மின்சாரம் திரும்ப வேண்டாமா?

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸடர் கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வம்சம் 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எங்கள் வண்டி மட்டும் கடலூர் தேவனாம்பட்டினத்தில், உப்புக் காற்று வீசும் வாசலில், இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அப்பா இருந்தவரையில் ஆண்டுதோறும் மார்கழித் திருவாதிரைக்கு அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போவார். அவருக்குப் பிறகு ஓட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூடவே வண்டியின் முரண்டும் வந்தது. சாவியைத் திருகினால் சில நாள் கிளம்பும். சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம்; அவ்வளவுதான்! ஒரு மெக்கானிக் புதுப் பாட்டரி போட்டார். இன்னொருவர் சாவி ஸ்விட்சையே மாற்றினார். பணம் போயிற்று, 'டக்' போகவில்லை.

"வயசாயிடுச்சு, வித்துடலாம்" என்றார் அண்ணன். வயசு என்ற பேச்சு எழுந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்தத் திருவாதிரையன்று வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. சுமார் 45 கிலோமீட்டர். தெற்கு வீதிக்கு அப்பால் ஒரு சந்தில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் நீந்தி, நடராஜரைத் தரிசித்துத் திரும்பினோம். சாவியைத் திருகினேன். டக்!

நாலைந்து முறை ஆயிற்று. அம்மா மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் சொன்னபடியே செஞ்சுடு. இனிமே நான் வரலை" என்றாள். வண்டியை மட்டும் அவள் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

பக்கத்துக் கடைக்காரர் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். அவர் வந்ததும் எதையும் கழற்றவில்லை. "முன் விளக்கைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். செய்தேன். டக்!

"விளக்கு கொஞ்சமும் மங்கலையே! பாட்டரி சோர்ந்திருந்தா மங்கியிருக்கும். சாவியும் சரியா இருக்கு. அதனாலேதான் 'டக்'னு கேட்குது."

"அப்படின்னா குத்தம் யார் மேலே, தம்பி?" என்றாள் அம்மா.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். சாவி இருக்கிறதே, அது மாமியார் மாதிரி: உத்தரவு போடுமே தவிர, பளுவைத் தூக்காது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அது சாவி வழியாகப் போனால் சாவி ஸ்விட்சு தீய்ந்துவிடும். ஆகையால் சாவியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று 'ஸாலினாய்ட்' என்ற மின்காந்தத்துக்குப் போகிறது. அது 'டக்'கென்று இழுத்து, பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவிலுள்ள பெரிய பாதையைத் திறந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் ஒரு கல்யாணத் தரகர். பல் சக்கரத்தோடு பல் சக்கரத்தைச் சேர்த்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விலகிவிட வேண்டும். அதனால்தான் கையை எடுத்ததும் சாவி தானாகவே பின்வாங்குகிறது.

சரி, போன மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப வேண்டாமா? அதற்குத் தனிக் கம்பி கிடையாது; வண்டியின் இரும்பு உடம்பே பாதை. ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மெத்தைகளின் மேல். எஞ்சினையும் உடம்பையும் இணைப்பது, ஜடை போலப் பின்னிய ஒரு செம்புப் பட்டைதான். எர்த் பட்டை என்கிறார்கள். விளக்குகளுக்கு அந்தப் பட்டையின் தயவு வேண்டாம். ஸ்டார்ட்டருக்கு வேண்டும்.

அவர் டார்ச்சு அடித்துக் காட்டினார். கடற்காற்று பட்டுப் பட்டுப் பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது பட்டை. வழியில்லாத மின்சாரம் சில சமயம் சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்குமாம், கம்பி சுடுமாம். எனக்குச் சுரீர் என்றது. சோக் குமிழ் சுடுகிறதே என்று ஒரு நாள் நான் வியந்திருக்கிறேன்!

பாட்டரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சின் இரும்புக்கு ஒரு தடித்த கேபிளைப் பிடித்தார். சாவியைத் திருகினேன். ஒரே சுழற்சியில் வண்டி கிளம்பியது! அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். புதுப் பட்டை பூட்டி, இரு முனையிலும் துருவைச் சுரண்டிக் கிரீஸ் தடவிக் கொடுத்தார். புதுப் பாட்டரிக்குக் கொடுத்ததில் ஒரு மூலைகூட ஆகவில்லை.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்து காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்பு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். கார் ஓட்டுவது பெண்களால் ஆகாத காரியம் என்ற பேச்சை அடக்கியதில் ஸ்டார்ட்டருக்கும் பங்கு உண்டு. அதன் கம்பிகள் போகும் வழியையும், வரும் வழியையும் நாம் தெரிந்துகொண்டால் என்ன?

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணனுக்குப் போன் செய்தாள். "வயசு இல்லேடா, துரு! அடுத்த வருஷமும் போறோம்" என்றாள்.

இப்போதெல்லாம் நான் சாவியைத் திருகும்போது, அவள் வாசற்படியில் நின்று விளக்கு மங்குகிறதா என்று பார்க்கிறாள்.