டிராலி: வீடான வண்டி, வண்டியான வீடு

வண்டியை வீடாக்குவது என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவது அமெரிக்க நெடுஞ்சாலைகள்தாம். பழைய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கி, சுவருக்குள் வெப்பக்காப்புப் பலகை பொருத்தி, சன்னல் வெட்டி, கட்டிலும் அடுப்பும் அமைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புவார்கள். அதே வேலை 2020 நவம்பர் இறுதியில் தில்லியின் எல்லைகளில் ஆயிரக்கணக்கான டிரெய்லர்களில் ஏறத்தாழ ஒரே வேளையில் நடந்தது. சிங்குவிலும் டிக்ரியிலும் காஜிப்பூரிலும் தடுத்து நிறுத்தப்பட்ட உழவர்கள், அவ்வாண்டு செப்டம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும்வரை திரும்புவதில்லை என்று சாலையிலேயே தங்கினர். அவர்கள் தங்கியது தங்கள் டிராலிகளில்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் டிராலி என்பது டிராக்டருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் இரும்புப் பெட்டி. மேலே கூரை கிடையாது. இருப்பவை இரும்புத் தகட்டுத் தரையும் மூன்று பக்கச் சுவர்களும் திறந்து மூடும் பின்கதவும்தான். கோதுமையும் நெல்லும் மண்டிக்குப் போவதும், எருவும் செங்கல்லும் ஊருக்கு வருவதும் அதில்தான். வேளாண் பயன்பாட்டுக்கெனப் பதிவான டிராலியில் ஆட்களை ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊரே அதில் ஏறிச் செல்வது வழக்கம்.

அதை வீடாக்கிய முறை எளியது. இரும்புத் தகட்டின்மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் மெத்தையும் ரஜாயும் விரித்தார்கள். பக்கச் சுவர்களில் மூங்கிலையோ இரும்புக் குழாயையோ வளைத்துக் கட்டித் தார்ப்பாய் போர்த்தினார்கள். சிலர் குறுக்கே பலகை அடித்து இரண்டு தளமாக்கினர். கீழே மாவு மூட்டையும் பருப்பும், மேலே படுக்கை. டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுத்த கம்பி ஒரு விளக்கை எரியவைத்தது, கைபேசிகளுக்கு மின்னேற்றியது. அடுப்பு வெளியே, சாலையில். தார்ப்பாயும் வைக்கோலும் சூழ்ந்த இடத்தில் தீ மூட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போராட்டத்தின் முதல் நாள்களிலேயே டிக்ரி அருகே காருக்குள் உறங்கிய ஒருவர், கார் தீப்பற்றி இறந்திருந்தார்.

அந்தக் குளிர்காலம் இலேசானதன்று. 2021 ஜனவரி முதல் நாள் தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. இரும்பு விரைவில் குளிர்ந்துவிடும்; உடலின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வைக்கோல் தாள்களுக்கு இடையே சிறைப்படும் காற்றுதான் அந்த இரும்புக்கும் முதுகுக்கும் நடுவே நின்ற காப்பு. தார்ப்பாயோ காற்றை மறித்ததுபோலவே ஈரத்தையும் வெளியே விடவில்லை. இரவெல்லாம் உறங்குபவர்களின் மூச்சு அதன் உட்புறத்தில் நீராகத் திரண்டு, விடியலில் முகத்தில் சொட்டியது. ஜனவரி முதல் வாரத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. சாலையில் அடித்த கூடாரங்களுக்குள் நீர் புகுந்து விரிப்புகள் ஊறின. சக்கரத்தின்மேல் இடுப்புயரத்தில் நின்ற டிராலியின் தரை வெள்ளத்துக்கு மேலே இருந்தது. ஒழுகலை மட்டும் அது சமாளித்தால் போதும்.

தரையில் விரித்த வைக்கோலுக்குத் தனிக்கதை உண்டு. அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கப்படும் அந்த நெல்தாளின் புகையே தில்லியின் மூச்சைத் திணறடிக்கிறது என்பது ஆண்டுதோறும் எழும் குற்றச்சாட்டு. 2020 அக்டோபரில் வந்த காற்றுத்தர அவசரச் சட்டம் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. அந்தத் தண்டனையிலிருந்து உழவர்களை விடுவிக்க வேண்டும் என்பதும் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. குற்றப்பொருளாகப் பேசப்பட்ட அதே தாள் தலைநகரின் வாசலில் படுக்கையாகக் கிடந்தது.

டிராலி எல்லாரிடமும் இருப்பதில்லை. பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தலித் மக்கள். அவர்களிடம் உள்ள நிலம் மிகச் சொற்பம். நிலமில்லாதவருக்கு டிராலி ஏது? நிலமற்ற தொழிலாளர் சங்கத்தினர் எல்லைக்கு வந்தபோது பெரும்பாலும் பிறருடைய வண்டியில்தான் இடம்பெற வேண்டியிருந்தது. ஊரில் ஒரே கிணற்றடியில் நிற்கத் தயங்கியவர்கள் ஒரே தார்ப்பாயின்கீழ் உறங்கியதைப் பலர் வியந்து எழுதினர். அந்த வியப்பில் உண்மை உண்டு. ஆயினும் வண்டியின் உரிமையாளர் யார் என்பது அங்கும் மாறவில்லை. பெண்களின் நிலையும் இத்தகையதே. அவர்களுக்கெனத் தனி டிராலிகள் ஒதுக்கப்பட்டன. குளியலறையும் கழிப்பறையும் எந்த டிராலியிலும் கட்ட முடியாதவை. அவற்றுக்கு அக்கம்பக்கத்து வீடுகளையும் பெட்ரோல் பங்குகளையும் நாட வேண்டியிருந்தது.

2020 டிசம்பர் 18 அன்று போராட்டக்களத்திலிருந்து பஞ்சாபியிலும் இந்தியிலும் ஓர் இதழ் வெளிவந்தது. அதன் பெயர் ‘டிராலி டைம்ஸ்’. ஓர் ஊர் தன் செய்தித்தாளுக்குத் தன் பெயரையே சூட்டுவது போன்றது அது.

இந்த வீடுகளில் எதுவும் நிலையாகப் பொருத்தப்படவில்லை என்பதே அவற்றின் சிறப்பு. அமெரிக்க டிரெய்லரில் கட்டில் ஏறிய பின் சரக்குக்கு அங்கே இடமில்லை. டிராலிக்கோ ஏப்ரல் காத்திருந்தது. கோதுமை முற்றியதும் அது மண்டிக்குப் போயாக வேண்டும். ஆகவே கயிற்றால் கட்டினார்கள். அரை நாளில் அவிழ்க்க முடிந்தது. 2021இல் அறுவடை நெருங்கியபோது ஊர்கள் முறைவைத்துக்கொண்டன: ஒரு குழு அறுக்கப் போக, மற்றொரு குழு எல்லையில் இருந்தது. வண்டிகள் போன இடங்களில் கோடைக்கு மூங்கிலும் கீற்றும் கொண்டு குடில்கள் எழுந்தன. சிலர் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது காவல்துறை வழக்குப் பதிந்தது. சக்கரமுள்ள வீட்டைப் பொறுத்துக்கொண்ட அதிகாரம், அடித்தளமுள்ள வீட்டைக் கண்டதும் சட்டத்தைக் கையிலெடுத்தது.

2021 நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பர் 11 முதல் டிராலிகள் ஊர் திரும்பின. போராட்டக் காலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது உழவர் சங்கங்களின் கணக்கு. தார்ப்பாயை மடித்து, கழிகளைக் கட்டி, மெத்தைகளை அதே வண்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஏப்ரலில் அந்த இரும்புத் தரையில் மீண்டும் கோதுமை கொட்டப்பட்டது. பக்கச் சுவரில் கழி கட்டிய தடம் எங்கேனும் எஞ்சியிருக்கலாம். மண்டியில் எடை போடுபவருக்கு அது வெறும் கீறல்.