தரை சுடாது என்று சொன்னவரை நம்பினோம்!

அத்தை வீட்டுச் சமையலறைக்குள் போக ஒரு வரைபடம் வேண்டும். அடுப்புப் பக்கம் நின்றால் பாதம் சுடும். நாலு எட்டு வைத்து ஜன்னல் பக்கம் போனால் விறைத்துப்போகும். நடுவில் இரண்டு டைல்ஸ் மட்டும் சுகமாக இருக்கும். அது மாமாவின் இடம். காலையில் காபி டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

"சாக்ஸ் போடாம ஜன்னல்கிட்ட போயிடாதே!" - போய் இறங்கிய முதல் நாளே அத்தை கொடுத்த எச்சரிக்கை இது.

இடம், கனடாவின் ஸ்கார்பரோ. டொரன்டோ மாநகரின் கிழக்குப் பகுதி. மார்க்கம் ரோடு பக்கம் போனால் தமிழில் பெயர்ப் பலகைகள், கொத்து ரொட்டி வாசனை, மல்லிகைச் சரம்கூடக் கிடைக்கும். ஆனால், நான் போனது பிப்ரவரியில். பனி உருக சாலையில் கொட்டும் உப்பு, ஷூவில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. வெளியே மைனஸ் 17 டிகிரி. சென்னையில் 22 டிகிரிக்கே போர்வை தேடுகிற ஆள் நான்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் நிலவறையில் ஒரு ஃபர்னஸ் இருக்கிறது. அது காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு ஊதும். ஃப்ளோர் ஹீட்டிங் அப்படியல்ல. தரைக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றவிடுவார்கள். தரையே சூட்டைத் தரும். கொரியர்கள் ‘ஒண்டோல்’ என்ற பெயரில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு இதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள்.

அத்தைக்கு மூட்டுவலி. அதனால்தான் நான்கு வருடங்களுக்கு முன்பு சமையலறைத் தரையை மட்டும் இப்படி மாற்றினார்கள். ஒரு கான்ட்ராக்டர் இரண்டே நாளில் குழாய் பதித்து, மேலே சிமென்ட் ஊற்றிவிட்டுப் போனார். முதல் குளிர்காலத்திலேயே பாதித் தரை சுட்டது, பாதி விறைத்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. தரையை உடைக்காமல் சரிசெய்யவும் முடியாது.

இப்போது வீட்டின் பின்பக்கம் 300 சதுர அடியில் புதிதாக ஓர் அறை கட்டப் போகிறார்கள். மாடிப்படி ஏற முடியாத நாள் வந்தால் அத்தை தங்கப்போகும் அறை அது. மூன்று பக்கமும் கண்ணாடி, தோட்டம் தெரியணும், கீழே சூடான தரை. இது அத்தையின் ஆசை. இன்னொரு முறை ஏமாந்தால் எடுத்துக்கட்ட மாமாவின் ஓய்வூதியத்தில் காசு இல்லை. இது வீட்டு நிலவரம்.

மூன்று பேர் வந்தார்கள்

சரியாகச் சொன்னால், இரண்டு பேர்தான் வந்தார்கள். முதல் ஆள் வரவே இல்லை. "எத்தனை சதுர அடி?" என்று போனில் கேட்டார். அதை ஒரு எண்ணால் பெருக்கி, ஐந்தே நிமிடத்தில் விலையை அனுப்பிவிட்டார். மூன்றிலும் அதுதான் குறைவு.

இரண்டாமவர் பளபளப்பான புத்தகத்தோடு வந்தார். டிசைனுக்குக் காசு வேண்டாம், பாய்லர் தன்னிடமே வாங்கினால் போதும் என்றார். "தரை நல்லா சூடா இருக்குமா?" என்று அத்தை கேட்டார். "எவ்வளவு வேண்டுமானாலும் சூடாக்கலாம்" என்றார் அவர். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார். கண்ணாடி எத்தனை அடுக்கு, கூரையில் பஞ்சு எவ்வளவு கனம், தரையில் டைல்ஸா மரப்பலகையா, கம்பளம் விரிப்பீர்களா, கட்டில் எங்கே வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவைச் சமையலறைத் தரையில் காட்டினார். திரையில் குழாய்கள் ஆரஞ்சு நிறக் கோடுகளாகத் தெரிந்தன.

ஒரே நீளக் குழாய். கொதிகலனிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அடுப்புப் பக்கம் போய், சுற்றிச் சுற்றி, சூடெல்லாம் இழந்த பிறகு கடைசியாக ஜன்னலுக்குப் போகிறது. குளிர் அதிகம் நுழையும் ஜன்னல் ஓரத்துக்குத்தான் தண்ணீர் முதலில் போகவேண்டும், அங்கே குழாய்களும் நெருக்கமாக இருக்கவேண்டும் என்று விளக்கினார். இந்த வகை அரை அங்குலக் குழாயில் ஒரு சுற்று பொதுவாக 300 அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்களாம்.

மன்னார்குடிக்காரரான மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "தலைமடையில வெள்ளம், கடைமடையில வறட்சி. அவ்வளவுதானே!"

அத்தைக்குப் பிடிக்காத பதில்

அவரிடமும் அத்தை அதே கேள்வியைக் கேட்டார். "இல்லை. சரியாகச் செய்தால் தரை சுடாது" என்றார் அந்த டிசைனர்.

காரணமும் சொன்னார். மனிதர்கள் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. நம் உடம்பின் சூடு 37 டிகிரி. எனவே, கால் வைத்தால் சுடுகிற மாதிரி இருக்காது, சில்லென்று இருக்காது, அவ்வளவுதான். அறை 21 டிகிரியிலும் தரை 29 டிகிரியிலும் இருந்தால், ஒரு சதுர மீட்டர் தரை தரக்கூடியது 85 முதல் 90 வாட் வரைதான். 300 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,400 வாட். மைனஸ் 20 டிகிரி இரவில், மூன்று பக்கக் கண்ணாடி வழியாக அந்த அறை இழக்கும் வெப்பம் இதைவிட அதிகமாக இருக்கலாம். அப்படி இருந்தால் எவ்வளவு பெரிய பாய்லர் வைத்தாலும் பயனில்லை.

"ஒரு பக்கக் கண்ணாடியைச் சுவராக மாற்றுங்கள். மற்றதற்கு மூன்றடுக்குக் கண்ணாடி போடுங்கள். அந்தச் செலவு எனக்கு வராது, ஜன்னல் கடைக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டிசைனுக்குத் தனிக் கட்டணம். நான் விற்பது கணக்கை மட்டும்தான், பாய்லரை அல்ல என்றார்.

அன்று இரவு வீட்டில் சண்டை. "சுடாத தரைக்கு எதுக்குக் காசு?" என்பது அத்தையின் கட்சி. "கணக்கு எழுதிக் கொடுக்கவா ஒருத்தருக்குத் தனியா பணம்?" என்பது மாமாவின் கட்சி. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன்தான் பஞ்சாயத்து. பிளம்பராக வேலை பார்ப்பவர்.

"அக்கா, வீட்டுக்கு வராமல் விலை சொல்லுற ஆளை நம்பாதேங்கோ. நிலத்துக்குள்ள போனால் போனதுதான். முதல்ல அறை அறையாக் கணக்குக் காட்டச் சொல்லுங்கோ" என்றார்.

கனடாவில் இந்த வெப்ப இழப்புக் கணக்குக்கென்றே ‘சிஎஸ்ஏ எஃப்280’ என்ற தரநிலை இருக்கிறது. வெந்நீர்க் குழாய் அமைப்புக்கு ‘சிஎஸ்ஏ பி214’. ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டு வெப்ப அமைப்பை வரைந்து தரும் தொழிலைச் செய்பவர்கள் தேர்வு எழுதி, ‘பிசிஐஎன்’ எனும் பதிவு எண் வாங்குகிறார்கள். மாமா இதே கேள்விகளை மூவரிடமும் கேட்டார். போன்காரர் பேச்சை மாற்றினார். புத்தகக்காரர், "எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்றார். அந்தப் பெண்மணி பதிவு எண்ணோடு, பழைய வாடிக்கையாளர்கள் இருவரின் சம்மதத்தைக் கேட்டு, அவர்கள் எண்களையும் அனுப்பினார்.

பேரியில் ஒரு வீடு

ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை 400-ல் வடக்கே கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். இருபக்கமும் வெள்ளை வயல்கள். பேரி நகரம் சிம்கோ ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி உறைந்து மைதானமாகக் கிடந்தது. அதன் மேல் சின்னச் சின்னக் குடிசைகள். பனியில் துளை போட்டு, குடிசைக்குள் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். காரிலிருந்து இறங்கி இரண்டு நிமிடம்தான் வேடிக்கை பார்த்தேன். அதற்குள் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அந்த வீட்டில் வயதான தம்பதி. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரை சுடவில்லை. அத்தை என்னைப் பார்த்தார், ‘இதுக்கா இவ்வளவு தூரம்?’ என்பதுபோல. பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் கவனித்தால், மூன்று பேருமே ஜாக்கெட்டையும் மஃப்ளரையும் கழற்றி மடியில் வைத்திருந்தோம். எப்போது கழற்றினோம் என்றே தெரியவில்லை.

குறைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. இரவில் குறைத்து வைத்துவிட்டுக் காலையில் கூட்டினால், தரை சூடேற மதியமாகிவிடுமாம். அதனால் ஒரே அளவில் விட்டுவிடுகிறார்கள். கம்பளம் விரித்த படுக்கையறை கொஞ்சம் குளிர்ச்சிதான். "விரிக்காதீர்கள் என்று அவர் முன்பே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை" என்று சிரித்தார் அந்தப் பாட்டி.

பிறகு தாத்தா ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒவ்வோர் அறைக்கும் வெப்ப இழப்புக் கணக்கு. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம். கான்கிரீட் ஊற்றும் முன் எடுத்த புகைப்படங்கள், பக்கத்தில் அளவு தெரிய டேப். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தபோது மீட்டர் காட்டிய எண். "நாளைக்குச் சுவரில் ஆணி அடிக்கவோ, தரையைத் துளைக்கவோ இதைப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன்" என்றார்.

வரும் வழியில் அத்தை எதுவும் பேசவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றதும் சொன்னார்: "பிடிக்காததை முகத்துக்கு நேரா சொன்னாளே, அவளே செய்யட்டும்."

நமக்கும் இது பொருந்தும்

தமிழ்நாட்டுச் சமவெளியில் யாரும் தரையைச் சூடாக்கப் போவதில்லை. ஆனால், சுவருக்குள் ஒயரிங், தரைக்குள் தண்ணீர்க் குழாய், தோட்டத்தில் போர்வெல் என்று நாமும் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குத்தான் நிறையக் காசு கொடுக்கிறோம். தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகவே ஆளைப் பிடிக்கிறோம்.

இனி நான் கேட்கப்போகும் கேள்விகள் இவை. இடத்தைப் பார்க்காமல் விலை சொல்கிறாரா? கணக்கைக் காகிதத்தில் தருவாரா, அது என்னிடமே இருக்குமா? டிசைன் செய்கிறவருக்கு, பெரிய பொருளாக விற்றால் லாபம் உண்டா? மூடுவதற்கு முன் சோதனை செய்து, படம் எடுத்துத் தருவாரா? இரண்டு வருடம் ஓடிய வேலை ஒன்றைக் காட்டுவாரா? முக்கியமாக, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று ஏதாவது ஒன்றையாவது சொன்னாரா?

நான் சென்னை திரும்பிய பிறகு, கோடையில் வேலை நடந்தது. கான்கிரீட்டுக்கு அடியிலும் ஓரங்களிலும் வெப்பம் மண்ணுக்குப் போகாமல் தடுக்கும் நுரைப் பலகை. அதன் மேல் வரிசையாகக் குழாய்கள், ஜன்னல் ஓரத்தில் மட்டும் நெருக்கமாக. மாமா நாற்பத்தியிரண்டு படங்கள் அனுப்பினார். எல்லாவற்றிலும் பக்கத்தில் டேப்.

டிசம்பரில் ஒருநாள் வீடியோ கால். அத்தை புது அறையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டியது. காலில் சாக்ஸ் இல்லை.

"தரை எப்படி இருக்கு அத்தை?"

"அது பாட்டுக்கு இருக்கு. ஞாபகமே வரல" என்றார்.

மாமா மட்டும் இன்னமும் பழைய சமையலறையில், அதே இரண்டு டைல்ஸ் மேல் நின்றுதான் காபி குடிக்கிறார்.