கடலேறுமுன் கண்ட திருப்பணி

மத்தியதரைக் கடலில் ஏழு நாள் கப்பல் யாத்திரை. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா துறைமுகத்திலிருந்து மாலையில் புறப்பாடு. காலையில் அடியேனும் இல்லாளும் அந்நகரின் சக்ரதா ஃபமிலியா தேவாலயத்தைக் காணச் சென்றோம்.

1882-இல் தொடங்கிய திருப்பணி அது, காணிக்கைகளாலும் நுழைவுக் கட்டணத்தாலும் வளர்வது. மறு ஆண்டு பொறுப்பேற்ற அந்தோனி கௌடி 43 ஆண்டுகள் உழைத்தார். 1926-இல் டிராம் வண்டி மோதி விழுந்தபோது, எளிய உடை கண்டு அவரைப் பிச்சைக்காரரென்றே எண்ணினராம். அவருடைய கல்லறை அத்தேவாலயத்தின் நிலவறையில் உள்ளது. நாங்கள் சென்றபோதும் பணி நடந்துகொண்டிருந்தது.

உள்ளே, மரங்களைப்போல் கிளைவிட்டு நிற்கும் தூண்களை இல்லாள் வெகுநேரம் அண்ணாந்து நோக்கினாள். அவள் கண்கள் கலங்கின. காரணம் அறிவேன். ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு என் மாமனார் தொடங்கிய முன்மண்டபம், அவர் மறைந்தபின் வெறும் தூண்களோடு நிற்கிறது. அவள் மனத்தில் அது தீராக் குறை.

"திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமும் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகத்தானே நின்றது? 1987-இல் அரங்கன் முடித்துக்கொள்ளவில்லையா? தொடங்கியவரே முடிக்கவேண்டும் என்பதில்லை" என்றேன்.

மாலையில் கப்பல் நகர்ந்தது. மோன்ஜுயிக் குன்று மெல்லப் பின்வாங்கியது. மேல்தளத்தில் நின்ற இல்லாள் கேட்டாள்: "அடுத்த ஆண்டு யாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தை அந்த மண்டபத்துக்குக் கொடுத்துவிடலாமா?"

கடலைப் பார்ப்பதை விடுத்து, கூரைக்கான கணக்கை எழுதத் தொடங்கினேன். ஊர் திரும்பியதும் முதல் வேலை, ஸ்தபதியைக் காண்பதே.