நீருக்கேற்ற கலம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, நீரின் அருமையை நன்கு உணர்ந்த நாடு. மேற்கே சென்று கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் அணை கட்டித் தேக்கினார்; மலையைக் குடைந்து வழி செய்து, அதனைக் கிழக்கே திருப்பினார். 1895-ஆம் ஆண்டு முதல் அந்நீர் பள்ளத்தாக்கின் வயல்களையும் தோப்புகளையும் வளப்படுத்தி வருகின்றது. ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை, ஆற்றோடு வரும் நீரை மீண்டும் ஒரு முறை தேக்குகின்றது. மலைமேல் அமைதியான ஏரி, இடையே விரைந்தோடும் கால்வாய், கீழே காற்றால் அலை எழும் நீர்த்தேக்கம் என நீரின் மூன்று நிலைகளையும் தேனி மாவட்டத்துச் சிறுவர் அருகிலேயே காணலாம்.

நீர் உள்ள இடத்தில் சிறுவர் கலம் விடாது இரார். வாழைமட்டையை நறுக்கிக் கால்வாயில் மிதக்கவிட்டு, எவனுடையது முந்துகின்றது என்று கரையோடு ஓடுவர். அவ்விளையாட்டிலும் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தட்டையான துண்டு குறுக்கே திரும்பிக் கரையில் ஒதுங்கும். முனை கூர்ந்து நடு குழிந்த துண்டோ நேரே செல்லும். நீரும் ஒன்றே, விசையும் ஒன்றே, உடல்தான் வேறு. கலத்தின் தன்மையை அதன் உடலே முதலில் வரையறுக்கின்றது.

இவ்வுண்மை மாதிரிப் படகுப் பந்தயத்தில் தெளிவாக விளங்கும். கரையில் நின்றவாறே வானொலி அலையால் சிறு படகை இயக்கும் கலையை, நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் 1898-இல் நியூயார்க் நகரில் மக்கள் முன் செய்து காட்டினார். அன்று வியப்பாக இருந்தது இன்று இளைஞரின் விளையாட்டாயிற்று. நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு மாணவர், கப்பல் மாதிரி செய்வதைப் பயிற்சியாகவே மேற்கொள்கின்றனர். இத்துறையில் புதிதாக நுழையும் மாணவன் பெரும்பாலும் மோட்டாரின் ஆற்றலையே முதலில் வினவுவான். தேர்ந்தவனோ, “எந்த நீரில் ஓட்டப் போகின்றாய்?” என்று அவனைத் திருப்பிக் கேட்பான்.

அவ்வினாவின் பொருள் ஆழமானது. நீரைப் பிளந்து செல்லும் கலம் முன்னும் பின்னும் அலைகளை எழுப்பும். வேகம் மிக மிக அலையின் நீளமும் மிகும். அலையின் நீளம் கலத்தின் நீளத்தை எட்டியதும், கலம் தான் எழுப்பிய அலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதன்பின் ஆற்றலை எவ்வளவு கூட்டினாலும் வேகம் சிறிதே கூடும். 1 மீட்டர் நீளமுள்ள கலத்துக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 4½ கிலோமீட்டர். அஃதாவது, மனிதன் நடக்கும் வேகமே. இதனைக் கடக்க வேண்டுமாயின், கலம் நீரைப் பிளப்பதை விட்டு நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்ல வேண்டும். பந்தயப் படகுகளின் உடல்கள் யாவும் இந்நோக்கத்துடன் அமைந்தவையே.

அவற்றுள் அடி தட்டையான படகு குறைந்த ஆற்றலிலேயே மேலெழும். ஆயின், அலை கண்டவிடத்து அறைபட்டுத் துள்ளும். அடி ஆப்புப்போல் கூர்ந்த படகு அலையை வெட்டிச் செல்லும். அதற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். இரட்டை உடற்படகு, இரு உடல்களுக்கும் இடையே புகும் காற்றாலும் தாங்கப்பெற்று விரையும். திரும்பும்போதும் எளிதிற் சாயாது. பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இரு மிதவைகளும் பின்னுள்ள விசிறியும் மட்டுமே நீரைத் தொடப் பறப்பதுபோற் செல்லும் படகு இவை அனைத்தினும் விரைவானது. ஆயினும், எதிர்க்காற்று அடியிற் புகுமாயின் அது மல்லாந்து வீழ்ந்துவிடும்.

இவற்றுள் எது சிறந்தது? இவ்வினாவுக்கு இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஃபுரூட் என்பவர் மாதிரிக் கலங்களைக் கொண்டே விடை கண்டார். 1867-இல் அவர் அன்னம், காக்கை என்னும் பொருள்படும் பெயர்களுடன் இருவகைக் கலங்களை 3 அடி, 6 அடி, 12 அடி நீளங்களில் செய்து, ஆற்றில் இழுத்துச் சென்று அளந்தார். காக்கை கூரிய முனையுடையது. அன்னம் மழுங்கிய முனையுடையது. கூரியதே எப்போதும் வெல்லும் என்பது அக்காலத்தார் கருத்து. ஆனால், வேகம் கூடியபோது மழுங்கிய அன்னமே எளிதாகச் சென்றது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற உடல் ஒன்று இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று. அன்று முதல் பெருங்கப்பல்களையும் முதலிற் சிறு மாதிரியாகச் செய்து, நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்வது வழக்கமாயிற்று. விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் 500 மீட்டர் நீளமுள்ள அத்தகைய தொட்டி ஒன்று உண்டு.

இரட்டை உடற்கலத்தை உலகம் இன்று ‘கட்டமரான்’ என்று அழைக்கின்றது. இது நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே. ஆனால், தமிழகக் கடற்கரையின் கட்டுமரம் இரட்டை உடற்கலம் அன்று. மரங்களை அருகருகே அடுக்கிக் கயிற்றாற் பிணித்த மிதவை அது. உள்ளே புகுந்து தேங்கக் குழிவு இன்மையால், மேலே பாயும் அலை மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். அலை மோதும் கரைக்கு அதனினும் ஏற்ற கலம் அரிது. 1876-இல் அமெரிக்காவில் ஹெர்ஷாஃப் என்பவர் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்பாய்க்கலத்தால் பந்தயத்திற் பிற கலங்களை எல்லாம் முந்தினார். தோற்றவர் முறையிடவே, அதன் வெற்றி செல்லாது என்று தள்ளப்பட்டது. மிக விரைந்தமையே அதன் குற்றமாயிற்று!

விரைவு ஒன்றே கலத்தின் பெருமை அன்று என்பதற்கு இப்பள்ளத்தாக்கின் தலைமாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. தேக்கடி ஏரி, பெரியாற்று அணையால் உண்டான நீர்ப்பரப்பு. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரு தளப் படகு ஒன்று அங்கே கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். புயலும் இல்லை, பேரலையும் இல்லை. கரையிலே தோன்றிய விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டதும், படகின் நிலைப்புக் குறைவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எடை உயரே ஏற ஏறக் கலம் சாயும் இயல்பு மிகும். அவ்வெடை ஒருபுறம் நகருமாயின், சாய்ந்த கலம் நிமிரும் வலியை இழக்கும். இவ்விதி பெருங்கலத்துக்கும் கைக்கலத்துக்கும் பொதுவானது.

எனவே, மாதிரிப் படகு செய்வோன் மின்கலத்தையும் மோட்டாரையும் இயன்றவரை அடித்தட்டிலேயே அமைப்பான். எடையின் நடுப்புள்ளி, பின்முனையிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தள்ளி நிற்குமாறு செய்வான். பின்னர், படகை நீர்த்தொட்டியில் இட்டு, ஒரு விளிம்பை விரலால் அழுத்தி விடுவான். உடனே நிமிரும் படகு நம்பத்தக்கது; தயங்கித் தயங்கி எழுவது திருத்தத்தக்கது.

கூர்ந்த அடியுடைய படகுகளுக்கு மற்றுமோர் உபாயம் உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் நீர் புகும் சிற்றறை ஒன்றை அமைப்பர். படகு கவிழ்ந்ததும் அவ்வறையில் நீர் நிறையும். அவ்வெடையால் படகு புரண்டு தானே நிமிரும். மீண்டும் ஓடத் தொடங்கியதும் நீர் வடிந்துவிடும். இரட்டை உடற்படகோ அகன்று இருப்பதால் எளிதிற் கவிழாது. கவிழ்ந்தாலோ, அவ்வகலமே அதனை நிமிர விடாது. பறப்பதுபோற் செல்லும் படகின் நிலையும் அத்தகையதே.

இதனை அற்பமாக எண்ணலாகாது. நீர்த்தேக்கத்தின் நடுவே கவிழ்ந்து நிற்கும் படகைக் கண்டால், அதனை அரும்பாடுபட்டுச் செய்த சிறுவனின் உள்ளம் பதறும். நீரில் இறங்கி எடுத்துவிடலாம் என்று கால் துடிக்கும். ஆழமும் சேறும் கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவன அல்ல. அணை நீரில் விளையாட்டாக இறங்கியோர் பலர் கரையேறியதில்லை. மீட்புப் படகும் பெரியோர் துணையும் உள்ள குளத்தில் எவ்வகைக் கலத்தையும் ஓட்டலாம். அவை இல்லாத இடத்தில், விரைவிற் சிறிது குறைந்தாலும் தானே நிமிர்ந்து கரைக்கு மீளும் கலத்தையே தேர்தல் வேண்டும். அதுவும் ஓட்டுவதற்கு இசைவு பெற்ற நீரிலேயே ஓட்டுதல் வேண்டும். படகு போனால் வேறொன்று செய்துகொள்ளலாம். உயிரை அவ்வாறு செய்துகொள்ள இயலாது.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். கலத்தின் உடலைத் தேர்வோனுக்கும் அம்மூன்றே துணை. தன் பொறியின் வலியையும், காற்று வீசும் காலத்தையும், ஓட்டப் போகும் நீரின் இயல்பையும் எண்ணித் தேர்ந்தவன் கலம் பந்தயத்தில் முந்தினும் பிந்தினும் கரை சேரும். கரை சேர்ந்த கலமே அடுத்த பந்தயத்துக்கு உரியது.